தொகுப்புல கதை வர 6,000 ரூபா கட்டலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேரம்பாடி பக்கம் டான்டீங்கிற அரசு தேயிலைத் தோட்டத்துல, தொழிலாளர் லைன் வீட்டுல இருக்கேன். டிகிரி முடிச்சிட்டு இப்போ கொழுந்து எடை போடுற எடத்துல கணக்கு எழுதுறேன். நைட்டு போன்லயே கதை எழுதுவேன், யார்கிட்டயும் காட்டுனதில்ல. லைப்ரரிக்குப் போனா சாயங்காலம் திரும்பி வர்றதுக்குள்ள யானை பயம். பேஸ்புக்ல ஒருத்தவங்க 6,000 ரூபா கட்டுனா தொகுப்புல என் கதையப் போட்டு சர்டிபிகேட்டும் தர்றோம்னு சொல்றாங்க. கட்டலாமாக்கா? இல்ல ஆன்லைன்ல எழுத்துப் பயிற்சி கிளாஸ் சேரட்டுமா? ஒரு கதை அனுப்பிருக்கேன். பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க, நான் எழுதுறத படிக்கச் சொல்லி கேப்பாங்க, எனக்குத்தான் கூச்சம்.

– ஒரு வாசகி, பந்தலூர் வட்டம்

தங்கச்சிக்கு,

பணம் கட்டாதீங்க. அந்தத் தொகுப்புல எழுதுற எல்லாருமே காசு கட்டுறாங்கன்னா அந்தப் புக்க வாங்குறவங்களும் அவங்க மட்டும்தான், வெளிய ஒரு ஆளு கைக்குப் போகாது. சொல்வனம், வாசகசாலை மாதிரி இணைய இதழ்கள் கதை போட பைசா கேக்குறதில்ல. யூனிகோட்ல டைப் பண்ணி மெயில்ல அனுப்புங்க, பதில் வர நாளாகும், அதுவரைக்கும் அதே கதைய வேற எடத்துக்கு அனுப்பாதீங்க. கிளாஸ் இப்போதைக்கு வேணாம், உங்களுக்கு முதல்ல வேணும்ங்கிறது ஒரு வாசகர்.

கதைய ரெண்டு தடவ படிச்சேன். சென்னை பிளாட், புருஷன் பொண்டாட்டி சண்டை, பேச்செல்லாம் சீரியல்ல கேட்ட மாதிரியே இருக்கு. ஆனா நடுவுல ஒரு எடத்துல அந்தப் பொண்ணு சண்டை போட்டுக்கிட்டே ஈரத் துணிய அடுப்புக்கு மேல கட்டின கயித்துல திருப்பித் திருப்பிப் போடுறா பாருங்க, அங்க நான் நிமிந்து உக்காந்தேன். சென்னைல யாரு அடுப்புக்கு மேல துணி காயப் போடுறாங்க? அது நம்ம ஊரு ஜூலை மாசம், தேவாலா பக்கம் வாரக்கணக்குல விடாம ஊத்துறப்போ யூனிபார்ம்ல புகை வாசத்தோட பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுமே அது. அந்தக் கதைல நீங்க இருக்குற எடம் அது ஒண்ணுதான், அங்க இருந்து திரும்ப எழுதுங்க.

பேச்சு எழுத ஒரு வழி சொல்றேன். பாட்டிய உக்கார வெச்சு, தலைமன்னார்ல கப்பல் ஏறுனது, வந்தவங்கள தங்க வெச்ச மண்டபம் கேம்ப், தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதிய இங்க அனுப்ப இந்தியாவும் சிலோனும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கப்புறம் எந்த வருஷம் லிஸ்ட்ல பேரு வந்துச்சு, என்னத்த விட்டுட்டு வந்தாங்க, எதுனாலும் கேளுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் பத்து நிமிஷத்த மட்டும் எடுத்து அவங்க சொன்னபடியே எழுதுங்க, ஒரு வார்த்தைய கூட அழகு படுத்தாதீங்க. எங்க நிறுத்துறாங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லாம எதுக்குத் தாவுறாங்கன்னு கை வலிக்க எழுதுறப்போதான் தெரியும். இது எந்தக் கிளாஸ்லயும் கிடைக்காது. டைப் பண்ண கஷ்டமா இருந்தா போன்ல ஜிபோர்டுங்கிற கீபோர்டுல தமிழ் வாய்ஸ் டைப்பிங் இருக்கு, ஆனா இந்த வேலைக்கு மட்டும் அது வேணாம், பாட்டி பேச்ச அது தப்புத் தப்பா மாத்திடும்.

படிக்கிறதுக்கு பஸ் ஏறித்தான் ஆகணும்னு இல்ல. 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம், அரசோட தமிழ் இணைய மின்னூலகம் ரெண்டும் ஃப்ரீ. புதுமைப்பித்தன் சிலோன் தேயிலைத் தோட்டத்த வெச்சு எழுதுன 'துன்பக்கேணி'ய முதல்ல படிங்க. அதவிட முக்கியம் நூலகம் தளம், ஈழத்துக்காரங்க 2005ல இருந்து நடத்துறாங்க, சிலோன் தோட்டத் தமிழர்களோட மலையக எழுத்து நெறைய இருக்கு. சி.வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் ரெண்டு பேரையும் தேடிப் படிங்க. பெரட்டு (காலைல ஆள் கூப்பிடுறது), கவ்வாத்து (தேயிலைச் செடிய வெட்டி விடுறது), லயம் (லைன் வீடு)னு உங்க பாட்டி வாய்ல இருக்குற வார்த்தையெல்லாம் அங்க அச்சுல இருக்கும், எவ்வளவு தெம்பு வரும்னு பாருங்க. வார்த்தைல சந்தேகம் வந்தா க்ரியா அகராதி, கொஞ்சம் வெல ஜாஸ்தி, கூடலூர் பக்கம் போறப்போ லைப்ரரில இருக்கான்னு கேளுங்க, எழுத்து வேலைக்கு அத மாதிரி கூடவே நிக்குற புக்கு கம்மி.

கூச்சம்னு சொன்னீங்கல்ல. காலேஜ் பிரெண்ட் ஒருத்திக்கு வாட்ஸப்ல அனுப்புங்க, ஆனா நல்லாருக்கான்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. எந்த எடத்துல போர் அடிச்சு கீழ தள்ளிட்டுப் போனன்னு கேளுங்க, அதுக்கு உண்மையான பதில் வரும். பாட்டிக்கு நீங்களே சத்தமா படிச்சுக் காட்டுங்க, நாக்கு தட்டுற வாக்கியத்துல பென்சில் கோடு போடுங்க, மறுநாள் அத மட்டும் திருத்துங்க.

அப்புறம் அந்த எடை போடுற எடம். மழைநாள்ல ஈரத்துக்கு எத்தன கிலோ, சாக்குக்கு எத்தன கிலோ கழிக்கிறாங்க, கழிக்கிறப்போ கொழுந்து கொண்டு வந்த அம்மா தராச பாக்குறாங்களா உங்க மொகத்த பாக்குறாங்களா, அத எழுதுற பேனா உங்க கைலதானே இருக்கு? அத ஏன் இன்னும் எழுதல? நான் கேட்டு வாங்கிப் படிக்கணும்னு நெனைக்கிற கதை அதுதான். பாட்டியோட பத்து நிமிஷத்தையும் அதையும் அடுத்த மாசம் எனக்கு மெயில் போடுங்க, பிழை இருந்தாலும் பரவால்ல, அப்படியே அனுப்புங்க.

அன்புடன்,
அக்கா
கோத்தகிரி