எட்டு முடித்த பிள்ளைக்கு எதற்கு நீட் ஃபவுண்டேஷன்?

சென்னைப் புளியந்தோப்பிலிருந்து என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். அம்மா, அப்பா, மகள். மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிகிறது. அங்கே ஒன்பதாவது கிடையாது, எப்படியும் டி.சி. வாங்கித்தான் ஆக வேண்டும். "இதான் சமயம், பெரிய ஸ்கூல்ல நீட் ஃபவுண்டேஷனோட சேத்துடுங்க" என்று சித்தப்பா தினமும் போன் போடுகிறாராம். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டுக்குச் சின்ன வகுப்பிலிருந்தே தயார்படுத்தும் பயிற்சிதான் இந்த ஃபவுண்டேஷன். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். நகையை வைத்தால் முதல் வருஷத்தைச் சமாளித்துவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. "எட்டு வருஷத்தை வீணாக்கிட்டோமோன்னு இருக்கு சார்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கும், அவரைப் போல ஏப்ரல், மே மாதங்களில் தூக்கம் கெடும் மற்ற பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பதற வேண்டாம், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்ப எனக்கும் தெரியும். ஆனால் அடகுக் கடைக்குப் போகிற காலைத் தடுக்க அது போதாது.

முதலில் அந்த எட்டு வருஷம். 2025-26இல் எட்டு முடிக்கும் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவே இல்லை. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்தது. ஆனாலும் வகுத்தலும் பின்னமும் மனதில் ஊன்ற வேண்டிய வயதில் இவர்கள் வீட்டில் இருந்தார்கள். "கணக்குல வீக்" என்று இவள் மேல் ஒட்டியிருக்கும் முத்திரைக்கு இதுதான் அடி. பெரிய பள்ளிகளில் படித்தவர்களுக்கும் இதே ஓட்டை உண்டு, ஃபீஸ் ரசீதில் அது தெரியாது, அவ்வளவுதான். கோடை விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் பின்னம், தசமம், விகிதம் மூன்றையும் உட்கார்ந்து போட்டாலே பாதி சரியாகும். ஃபவுண்டேஷன் வகுப்பில் அதைச் சொல்லித்தர மாட்டார்கள், அதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போவார்கள்.

இன்னொன்று. பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பயிற்சி மையங்கள் சேர்க்கவே கூடாது என்று மத்திய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. இவளுக்குப் பதின்மூன்று.

இப்போது பணம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ். தேர்வில் இந்தப் பெண் தேறியிருக்கிறாள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருஷத்தில் 48,000. தனியார் பள்ளிக்குப் போன அன்றே அது நின்றுவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறதே, அதுவும் போய்விடும். உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் கைவிட்டுப் போகும். அதாவது, டாக்டர் ஆக்குகிறேன் என்று நகையை வைத்து, டாக்டர் சீட்டுக்கு அவளிடம் இருந்த கூடுதல் வாய்ப்பையே காசு கொடுத்துத் தொலைக்கிறீர்கள். இதைச் சித்தப்பா சொன்னாரா? அரசு உதவி பெறும் பள்ளி என்றாலும் 7.5 கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் மாநகராட்சியின் சென்னை மேல்நிலைப் பள்ளி போதும்.

இத்தனை நேரமும் பெண் வாயே திறக்கவில்லை. என்ன பிடிக்கும் என்று கேட்டால் இந்த வயதில் எல்லோரும் தோளைக் குலுக்குவார்கள், நான் அதைக் கேட்பதில்லை. பள்ளி ஞாபகமாக என்ன எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். வகுப்புப் பிரிவுக்காக இவளே செய்த நினைவு மலர். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாருக்கு எந்த டீச்சர் என்ன பட்டப்பெயர் வைத்தார், வராந்தாவில் மழைநீர் நின்ற நாள், எல்லாம் எட்டே பக்கத்தில். இரண்டு ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்து, வகுப்புக்கு மொத்தமும் ஜெராக்ஸ் போட்டிருக்கிறாள்.

"பக்கம் எப்படி மாறாம வந்துச்சு?" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். வெளித்தாளின் ஒரு முகத்தில் எட்டாம் பக்கமும் ஒன்றாம் பக்கமும் அடுத்தடுத்து வர வேண்டும், அதன் பின்னால் இரண்டும் ஏழும், உள்தாளில் ஆறும் மூன்றும், அதன் பின்னால் நான்கும் ஐந்தும். "எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒம்பது வரும் சார். அது தெரிஞ்சதும் ஈஸியாயிடுச்சு." முதல் தடவை ஜெராக்ஸ் கடையில் பின்பக்கம் தலைகீழாக விழுந்ததாம். தாளைத் திருப்பிப் போட்டு இரண்டாவது தடவை சரிசெய்திருக்கிறாள். கணக்கில் வீக்!

அச்சகத்தில் இதற்கு இம்போசிஷன் என்று பெயர். பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம் என்று பெரிய தாளில் இதையே செய்கிறார்கள். அதனால்தான் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடத்தைப் பற்றி அவர்களிடம் பேசினேன்: தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் அரசு அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம், இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிரிண்டிங் டெக்னாலஜி. பத்தாம் வகுப்பு முடித்தால் டிப்ளமோ சேரலாம். நுழைவுத் தேர்வு இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான். அரசுப் பாலிடெக்னிக் கட்டணம் என்பதால் வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். சித்தப்பா சொல்லும் பள்ளியில் ஒரு மாதச் செலவுக்கே அது காணாது.

படிப்பில் என்ன வரும்? கணினியில் பக்கம் அமைப்பது, படத்தைச் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு நிறமாகப் பிரிப்பது, பிளேட் எடுப்பது. ஆஃப்செட் என்ற அச்சு முறையில் தண்ணீரும் எண்ணெய் மையும் ஒட்டாத குணத்தை வைத்தே அச்சு நடக்கிறது. பிளேட்டிலிருந்து பிளாங்கெட் எனும் ரப்பர் விரிப்புக்கும் அதிலிருந்து தாளுக்கும் மை போகும். நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழ வேண்டும், பிசகினால் ஒரே முகத்துக்கு இரண்டு வாய். தாளின் கனத்தைச் சொல்லும் ஜி.எஸ்.எம்., நார் ஓடும் திசை, மடிப்பு, பைண்டிங், கடைசியில் ஒரு வேலைக்கு எத்தனை ரீம் தாள், எவ்வளவு விலை என்று எஸ்டிமேட் போடுவது. பின்னமும் விகிதமும் இங்கே சோறு போடும்.

"பேப்பரே யாரும் வாங்கறதில்ல, பிரிண்டிங் படிச்சு என்ன பண்றது?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். நாளிதழ் குறைகிறது, உண்மை. மாத்திரை அட்டைப் பெட்டி குறையவில்லை, பிஸ்கட் உறை குறையவில்லை, இட்லி மாவுப் பாக்கெட் கூடிக்கொண்டே போகிறது. அத்தனையும் அச்சுதான். பிளாஸ்டிக் உறைகளுக்கு ஃப்ளெக்ஸோ, கிராவ்யூர் என்று தனி முறைகள் உண்டு. ரூபாய் நோட்டும் பாஸ்போர்ட்டும் அச்சடிக்கும் மத்திய அரசு நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலைக்கு அச்சு டிப்ளமோ கேட்கிறார்கள். மேலே படிக்க ஆசை வந்தால் டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாமாண்டு சேரலாம். அல்லது பதினொன்றில் கணிதப் பிரிவு எடுத்துப் பன்னிரண்டு முடித்தால், கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பத்தில் பி.இ. இருக்கிறது. அந்த வழியில் போனால் 7.5 கைகொடுக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் பக்கம் வேலை என்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டும், சத்தம் உண்டு, தொடக்கச் சம்பளம் கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. பத்தாம் வகுப்போடு டிப்ளமோவுக்குப் போனால் என்.எம்.எம்.எஸ். பணம் நின்று, புதுமைப்பெண் பணம் தொடங்கும். முடிவெடுக்க இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் அவள் மனம் மாறினால் மாறட்டும், மாற்ற வேண்டியவள் அவள்தான். இப்போதைக்கு ஒரு நாள் அவளை ஆண்டர்சன் தெருவுக்கு அழைத்துப் போய்த் தாள் கடைகளையும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளையும் காட்டுங்கள். போக வர ஐம்பது ரூபாய் ஆகும்.

டி.சி. வாங்கும்போது பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருந்து ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அவள் பெயரைப் பதிவு செய்யச் சொல்லித் தலைமையாசிரியரை நச்சரியுங்கள். தேர்வில் தேறியும் இந்த ஒரு வேலையை விட்டதால் பணம் வராமல் போன பிள்ளைகள் உண்டு. சித்தப்பா மறுபடி போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.