திறந்தவெளியில் கல்யாணம்: எந்தப் பூக்களைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் திட்டமிடுவது?

புல்வெளியில் கல்யாணம், மாலை நாலு மணிக்கு ஆரம்பித்து இருட்டிய பிறகும் விருந்து நடக்கும், வெள்ளையும் அடர் சிவப்புமாகப் பூ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது அந்த நாலு மணியைத்தான், நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திறந்தவெளியில் பூவுக்கு நிழலும் இல்லை, காற்றுக்குத் தடுப்பும் இல்லை. அதனால் தண்ணீர் இல்லாமல் எந்தப் பூ எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்த்துப் பட்டியல் போடுங்கள், அந்தப் பட்டியலுக்குள் அழகைத் தேடுங்கள்.

இது என் தங்கை கல்யாணத்தில் கற்றுக்கொண்டது. நுழைவாயில் வளைவு முழுக்க ஹைட்ரேஞ்சியா வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மதியம் 1 மணிக்குக் கட்டி முடித்தபோது பார்க்கக் கண் கொள்ளவில்லை. 3 மணிக்கு நான் திரும்பப் போனபோது ஒவ்வொரு கொத்தும் தலை கவிழ்ந்து கிடந்தது, இதழைத் தொட்டால் பிழிந்து போட்ட துணி மாதிரி துவண்டிருந்தது. அவசரமாகக் கழற்றி, காம்பைத் திரும்ப வெட்டி, கொத்தோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தோம், ஏனென்றால் ஹைட்ரேஞ்சியா இதழ் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். முக்கால் மணி நேரத்தில் பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டன. அவற்றைத் தண்ணீர் நிரப்பிய ஜாடிகளில் மேஜைக்குக் கொடுத்துவிட்டு, மேஜைக்கு என்று வைத்திருந்த ஆர்க்கிட்டை வளைவில் கட்டினோம். அது இரவு விருந்து முடியும்வரை அப்படியே இருந்தது. பூ அதேதான், இடத்தைத்தான் மாற்றிப் போட்டிருந்தோம்.

காரணம் எளிது. வெட்டிய பூவுக்கு வேர் இல்லை, ஆனால் இதழும் இலையும் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலும் காற்றும் அதை வேகப்படுத்தும். போதாததற்கு, வெட்டிய இடத்தில் காற்றுக்குமிழி புகுந்தாலோ அழுக்குத் தண்ணீரில் பாக்டீரியா பெருகினாலோ காம்புக்குள் இருக்கும் குழாய்கள் அடைபட்டு, வாளியில் நின்றபடியே பூ வாடும். அதனால்தான் காம்பைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டி உடனே சுத்தமான தண்ணீரில் வைக்கச் சொல்கிறார்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கட்டாயம் கிள்ளிவிடுங்கள், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சரி, எந்தப் பூ? வளைவு, நாற்காலி வரிசை, தூண் என்று தண்ணீர் கிடைக்காத இடங்களுக்கு ஆர்க்கிட், ஆந்தூரியம், கார்னேஷன், சாமந்தி. கார்னேஷனை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரே நிறத்தில் நெருக்கமாகக் கட்டினால் பட்டுத்துணி மடிப்பு மாதிரி இருக்கும், வெயிலையும் தாங்கும். ரோஜா நடுத்தரம், நன்றாகத் தண்ணீர் குடித்த ரோஜா சில மணி நேரம் நிற்கும். ஹைட்ரேஞ்சியா, டேலியா, துலிப் எல்லாம் ஜாடிக்கு மட்டும். ஜெர்பராவின் காம்பு உள்ளே வெற்றுக்குழாய் போல இருப்பதால் காற்றில் தலை தொங்கிவிடும், வெளியில் நான் அதை எடுக்கவே மாட்டேன். லில்லி பிடிக்கும் என்றால் மகரந்தப்பைகளை மலர்ந்தவுடனே கிள்ளிவிடச் சொல்லுங்கள், அந்தப் பொடி வெள்ளை உடையில் பட்டால் கறை போவது பெரும்பாடு. பட்டுவிட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காதீர்கள், செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள்.

இப்போது உங்கள் நிறத்துக்கு வருகிறேன். அடர் சிவப்பு பகலில் எடுப்பாக இருக்கும், வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் நம் கண்ணுக்கு முதலில் கறுப்பாகத் தெரிவதும் அதுதான். செக் உடலியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார், அவர் பெயரிலேயே இதைப் புர்கின்யே விளைவு என்கிறார்கள். அதனால் விருந்து மேஜைகளுக்கு வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் ஆரஞ்சை வையுங்கள், சிவப்பைக் கல்யாணம் நடக்கும் இடத்துக்கும் கையில் பிடிக்கும் செண்டுக்கும் ஒதுக்குங்கள். வெள்ளையில் ஒரு கவனம் தேவை. கை பட்டு நசுங்கினால் இதழ் ஓரம் பழுப்பாகி உடனே காட்டிக்கொடுத்துவிடும், எனவே கட்டிய பிறகு யாரும் தொடாத இடமாகப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், அதே நாலு மணிக்கு, அந்த இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மர நிழல் எங்கே நகர்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்துப் போனில் படம் எடுத்துப் பூ அலங்காரம் செய்பவரிடம் கொடுங்கள். சில மாதம் முன்னால் எடுத்த படம் உதவாது, பருவம் மாறினால் நிழலும் மாறிவிடும். காற்று உண்டு என்றால் உயரமான ஜாடியை மறந்துவிடுங்கள். அகலமான, அடியில் கூழாங்கல் போட்ட தாழ்வான பாத்திரம்தான் நிற்கும். வளைவின் கால்களில் மணல் மூட்டை கட்டாயம்.

வளைவில் தண்ணீர் வேண்டுமே என்று பச்சை ஃபோம், அதாவது தண்ணீரில் ஊறவைத்துப் பூக்காம்பைச் செருகும் கட்டி, வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், உண்மைதான். ஆனால் அது மக்காத பிளாஸ்டிக், பொடிந்து புல்லிலும் மண்ணிலும் போய்ச் சேரும். இங்கிலாந்தின் தோட்டக்கலை அமைப்பான ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி தன் மலர்க் கண்காட்சிகளில் 2021 முதல் அதை அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு காம்புக்கும் ரப்பர் மூடி போட்ட சின்ன வாட்டர் டியூப் மாட்டலாம், அல்லது இலைகளுக்குப் பின்னால் தண்ணீர்ப் பாத்திரத்தை மறைத்து, உள்ளே கோழிவலையைச் சுருட்டி வைத்துப் பூவைச் செருகலாம். வேலை கூடுதல்தான், புல்வெளி சுத்தமாக இருக்கும்.

பூ எப்போது வந்து சேர வேண்டும் என்பதையும் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ரோஜா இரண்டு நாள் முன்னால் வந்தால் மெல்ல விரிய நேரம் கிடைக்கும். லில்லி மொட்டாக வந்தால் இன்னும் சில நாள் முன்னால் வேண்டும். டேலியா முந்தின நாள் போதும். வைக்கும் அறையில் வாழைப்பழம், ஆப்பிள் எதுவும் இருக்கக் கூடாது, பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனைச் சீக்கிரம் சுருங்க வைக்கும். ரோஜாவுக்குக் குளிர் நல்லது, ஆர்க்கிட்டையும் ஆந்தூரியத்தையும் மட்டும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளாதீர்கள், 10 டிகிரிக்குக் கீழே போனால் வெப்பமண்டலப் பூக்கள் கறுத்துவிடும்.

பட்ஜெட் பற்றி ஒன்று. புல்லும் மரமும் இருக்கும் இடத்தில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூத் தூவினால் கண்ணில் எதுவுமே நிற்காது. நீங்கள் இருவரும் நிற்கும் இடத்தில் அடர்த்தியாகக் கொட்டுங்கள், கல்யாணம் முடிந்ததும் அதில் இருக்கும் வெளிர் நிறப் பூக்களைக் கழற்றி விருந்து மேஜைக்கு நகர்த்தலாம், இதை முன்கூட்டியே சொன்னால் பிரித்தெடுக்க வசதியாகக் கட்டித் தருவார்கள். சாப்பாட்டு மேஜையில் வாசனை அதிகமான பூ வேண்டாம், தேனீ வரும். அரளி எவ்வளவு அழகாகக் கிடைத்தாலும் உணவுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, செடி முழுக்க விஷம்.

அன்றைக்கு இரண்டு வாளித் தண்ணீர், கத்தரி, கட்டுக்கம்பி, பத்தில் ஒரு பங்கு உபரிப் பூ நிழலில் இருக்கட்டும். அதைக் கவனிக்கும் பொறுப்பை உங்கள் இருவரையும் தவிர வேறு ஒருவரிடம் கொடுத்து, ஆட்கள் வருவதற்கு அரை மணி முன்னால் ஒரு சுற்று வந்து வாடியதை மாற்றச் சொல்லுங்கள். என் தங்கை கல்யாணத்தில் அந்த 3 மணிக்கு நான் தற்செயலாகத்தான் வளைவுப் பக்கம் போனேன்.