லூசேர்னில் ஒரு நாள்: முழங்கால் நோவுள்ள அம்மாவோடு எப்படிப் போவது?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஓகஸ்ட் விடுமுறையில் சுவிஸில், பேர்ண் நகரிலுள்ள தம்பி வீட்டுக்குப் போகிறோம். தம்பிக்கு வேலை இருப்பதால் ஒரு நாள் நானும் அம்மாவும் மட்டும் லூசேர்ன் போய்வர நினைக்கிறோம். அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். 71 வயது, முழங்கால் நோ, சைவம். எல்லோரும் மலைக்குத்தான் போகச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஜேர்மன் மொழி தெரியாது. எப்படித் திட்டமிடலாம்?

சகோதரி, தாராளமாகப் போய்வாருங்கள். முழங்கால் நோவோடும் ரசிக்கக்கூடிய ஊர் அது. ஆனால் ஒரே நாளில் மலையும் பார்த்து நகரமும் பார்ப்பது என்று மட்டும் நினைக்க வேண்டாம். கொழும்பிலிருந்து நான் முதன்முதலாக அழைத்துப்போன குடும்பத்தோடு அப்படித்தான் செய்தேன். மலையில் ஏறி இறங்கி, பின்னேரம் நகரத்து மரப்பாலத்தடிக்கு வந்தபோது பெரியவர்கள் ஒருவராலும் ஓரடி வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வயதானவர்களோடு போகிற எவருக்கும் மலையை நான் சொல்வதில்லை.

உயரத்தையும் கொஞ்சம் பாருங்கள். பலரும் சொல்லும் ரிகி மலையின் உச்சி 1,798 மீற்றர். நம்முடைய நுவரெலியா நகரமே ஏறக்குறைய 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்குள்ள மற்ற மலையான பிலாத்துஸ் 2,128 மீற்றர், நம்முடைய பிதுருதலாகலை 2,524. ரிகியும் பிலாத்துஸும் அழகாகத் தெரிவது லூசேர்ன் வாவியிலிருந்து பார்க்கும்போதுதான். அதற்குப் படகு போதும்.

பேர்ணிலிருந்து நேரடி ரயில் உண்டு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். நாம் லூசேர்ன் என்று சொன்னாலும் ஸ்டேஷன் பலகையில் ஜேர்மன் முறைப்படி லுட்செர்ன் என்றுதான் இருக்கும். நடுவில் ‘இசட்’ எழுத்து வரும், குழம்ப வேண்டாம். டிக்கட்டுக்குத் தம்பியிடம் சொல்லி ‘சேவர் டே பாஸ்’ வாங்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே வாங்கினால் மலிவு. அன்றைய ரயில், நகர பஸ், வாவிப் படகு எல்லாம் அதிலேயே அடங்கும். பாஸில் பெயர் இருக்கும், ஆகவே கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். மொழி பெரிய பிரச்சினை இல்லை. ஸ்டேஷனிலும் கடைகளிலும் ஆங்கிலத்தில் கதைத்துச் சமாளிக்கலாம்.

நாளைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. ஓகஸ்ட் 1 அவர்களுடைய தேசிய தினம். அன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஊர்க் கடைகள் பெரும்பாலும் பூட்டு. செவ்வாய் அல்லது சனி போனால், காலையில் றொய்ஸ் ஆற்றங்கரை ஓரமாகச் சந்தை கூடும். பழம், சீஸ், பாண், பூ என்று அம்மாவுக்கு நேரம் போவதே தெரியாது.

ஒன்பது மணிக்கு முன்னரே அங்கே இறங்கிவிடுங்கள். சுற்றுலாக் கூட்டம் வந்து நெருக்குவதற்கு முன் கபெல்புறூக்க என்ற மரப்பாலத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடைதான். வாவியிலிருந்து ஆறு வெளியேறும் இடத்தில், 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கூரை போட்ட பாலம், ஏறக்குறைய 200 மீற்றர் நீளம். பக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கும் எட்டுப்பட்டைக் கோபுரம் பாலத்தையும் விடப் பழையது. ஒரு காலத்தில் நகரத்தின் கருவூலமாகவும் சிறையாகவும் இருந்தது.

பாலத்தில் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். கூரையின் கீழே முக்கோணப் பலகைகளில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வரிசையாக இருக்கும். 1993 ஓகஸ்ட் 18 அதிகாலையில் பாலம் தீப்பிடித்தது. ஓவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அடுத்த வருடம் ஏப்ரலிலேயே பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். பழைய மரம் எங்கே முடிகிறது, புதுமரம் எங்கே தொடங்குகிறது என்று நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். எரிந்த இடத்தின் விளிம்பில் மரம் கருகிக் கறுத்திருக்கும். 1981இல் யாழ் நூலகம் எரிந்த காலத்தை அறிந்தவர் உங்கள் அம்மா. அந்த இடத்தில் அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

பாலத்தின் ஸ்டேஷன் பக்கக் கரையில் 1677இல் கட்டி முடித்த ஜெசுயித் தேவாலயம் இருக்கிறது. உள்ளே வெள்ளைச் சுவர்கள், நல்ல குளிர்ச்சி, வாங்குகள். அம்மா கால் நீட்டி ஆற இதைவிட நல்ல இடம் கிடையாது. தெம்பு இருந்தால் ஆற்றோடு இன்னும் கொஞ்சம் இறங்கி நடந்து ஷ்ப்றொயர் பாலத்தையும் பாருங்கள். ‘ஷ்ப்றொய்’ என்றால் உமி. ஊரின் கடைசிப் பாலம் அதுதான் என்பதால், உமியை அங்கிருந்து மட்டுமே ஆற்றில் கொட்டலாம் என்று அந்தக் காலத்தில் சட்டம் இருந்தது. முசெக் என்ற பழைய நகர மதிலையும் அதன் கோபுரங்களையும் விட்டுவிடுங்கள். செங்குத்தான படிகள், முழங்காலுக்கு ஆகாது.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நல்லது. ரெஸ்டோரன்ட்களில் விலை நம் கணக்குக்கு மிக அதிகம், சைவமும் தேடித்தான் எடுக்க வேண்டும். ரொட்டியும் சம்பலும் சுற்றிக்கொண்டு போய் வாவிக்கரை வாங்கில் இருந்து சாப்பிடலாம். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவோர நீரூற்றுகளில் போத்தலை நிரப்பலாம். ‘கைன் டிரிங்க்வாசர்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

அப்புறம் பஸ்ஸில் லோவன்பிளாட்ஸ் தரிப்பிடம் வரை போனால் சிங்கச் சிலைக்குக் கொஞ்சத் தூரம்தான். மணற்கல் பாறையையே குடைந்து செதுக்கிய, 10 மீற்றர் நீளச் சிங்கம். விலாவில் முறிந்த ஈட்டி, முன்காலின் கீழே பிரெஞ்சு மன்னரின் கேடயம், முன்னால் அசையாத குளம். 1792இல் பாரிஸில் அந்த மன்னருக்குக் காவல் நின்று மாண்ட சுவிஸ் வீரர்களுக்காக 1821இல் முடித்தது. பிழைப்புக்காக வேறு நாட்டுக்குப் போய் அங்கேயே மடிந்தவர்கள். படத்தில் அந்தச் சிங்கத்தின் முகத்தைப் பார்த்தது பார்த்ததாகாது.

மூன்று மணியளவில் ஸ்டேஷனுக்கு முன்னாலுள்ள படகுத்துறைக்கு வாருங்கள். வாவிக்கரையிலுள்ள வெகிஸ் என்ற ஊர் வரை போய்த் திரும்பினால் போதும், போக ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம். நேர அட்டவணையில் பழைய நீராவிக் கப்பல் வருகிறதா என்று கேட்டு, அதிலேயே ஏறுங்கள். இருபக்கமும் சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டு போகும். நடுத்தட்டிலிருந்து எட்டிப்பார்த்தால் எண்ணெய் பூசிப் பளபளக்கும் இயந்திரத் தண்டுகள் ஏறி இறங்குவது தெரியும். மேல்தட்டில் காற்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

பேர்ணுக்கு மணிக்கு ஒரு ரயிலாவது உண்டு, ஓகஸ்டில் இரவு எட்டு மணி வரைக்கும் வெளிச்சமும் இருக்கும். ஆகவே ஒரு ரயில் தப்பினாலும் பதற வேண்டாம். வாவிக்கரையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.