300 டிகிரியில் வைத்தும் நொறுங்கவில்லையா? உலையைத் திட்டாதீர்கள்

"அணு உலைக் கலன் எஃகை 300 டிகிரியில் 1000 மணி நேரம் வைத்தும் சார்ப்பி எண் (சுத்தியலால் அடித்து உடைக்கும்போது எஃகு உறிஞ்சும் ஆற்றல்) அசையவே இல்லை, சூடாக்கும் உலை பழுதா" என்று கேட்டிருக்கிறீர்கள். உலை சரியாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டில் வெறும் வெப்பம் செய்யும் வேலை ரொம்பக் கொஞ்சம். எஃகை நொறுங்க வைக்கும் செம்பு அணுக்கள் நகர்ந்து திரள்வதற்கு, நிஜக் கலனில் நியூட்ரான் மோதி உண்டாக்கும் வெற்றிடங்கள்தான் (அணு இல்லாத காலி இடங்கள்) வழி திறக்கின்றன, உங்கள் உலையில் அது ஏது?

அப்புறம், எல்லாவற்றையும் அறை வெப்பத்திலேயே உடைத்திருக்கிறீர்களே, கோட்டை விட்டது அங்கேதான். பார்க்க வேண்டியது நிலைமாற்ற வெப்பநிலை (இதற்குக் கீழே போனால் எஃகு இழுபடாமல் நொறுங்கும்) எவ்வளவு மேலே நகர்ந்தது என்பதை. உலர்பனி போட்ட ஆல்கஹாலில் மைனஸ் 70 வரை குளிர்வித்து, எடுத்த 5 நொடிக்குள் உடையுங்கள் (இடுக்கியையும் கூடவே குளிர வையுங்கள், அதை மறந்து ஒரு நாள் வேலையை வீணாக்கியவன் நான்), இப்படிப் பல வெப்பநிலைகளில் செய்து உறிஞ்சிய ஆற்றல் 41 ஜூல் எந்த வெப்பநிலையில் வருகிறது என்று வரைந்து பாருங்கள். முறிந்த முகம் சாம்பலாக நார்நாராக இருந்தால் எஃகு இன்னும் இழுபடுகிறது, கற்கண்டு போல மினுங்கினால் நொறுங்கிவிட்டது.

வெப்ப முதுமைதான் (நீண்ட நாள் சூட்டால் மட்டும் எஃகு கெடுவது) தலைப்பு என்றால் எஃகை மாற்றுங்கள். குளிர்விப்புக் குழாய்களில் வரும் வார்ப்பு டூப்ளெக்ஸ் எஃகை (ஃபெரைட், ஆஸ்டெனைட் என்ற இரு படிக அமைப்புகள் கலந்தது) 400 டிகிரியில் சில ஆயிரம் மணி நேரம் வைத்தால், ஃபெரைட்டுக்குள் குரோமியம் பிரிந்து நன்றாகவே தெரியும். வேடிக்கை என்னவென்றால், 475 டிகிரி குரோமியம் நிறைந்த ஃபெரைட்டுக்கு ஆகவே ஆகாது, ஆனால் பின்லாந்தின் லோவிசா 1 அணு உலைக் கலனின் பற்றவைப்பை 1996-ல் அதே 475-ல் சூடாக்கித்தான் தேற்றினார்கள்.