தையல்நாயகி என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்களுக்குச் சீர்காழி பக்கம். இப்போது சென்னையில் இருக்கிறோம். பெண் குழந்தை பிறந்து 3 மாதம் ஆகிறது. வைத்தீஸ்வரன்கோயில்தான் எங்களுக்குக் குலதெய்வம். அதனால் என் பாட்டியின் பெயரான தையல்நாயகியையே வைக்கவேண்டும் என்கிறார் அப்பா. ஆபீஸ் நண்பர்களோ ‘டெய்லர் கடை போர்டு மாதிரி இருக்கிறது’ என்று சிரிக்கிறார்கள். ஸ்கூலில் குழந்தையைக் கேலி செய்வார்களோ என்று எனக்கும் தயக்கம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சீர்காழி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு ரொம்பப் பிடித்த பெயர். வையுங்கள்.

இந்தப் பெயரில் வரும் தையல், பெண் என்ற பொருளில் வருவது. சம்பந்தர் புள்ளிருக்குவேளூர்ப் பதிகத்தில் ‘தையலாள் ஒருபாகம்’ என்று பாடுகிறார். உங்கள் குலதெய்வம் இருக்கும் ஊரின் பழைய பெயர்தான் புள்ளிருக்குவேளூர். அம்மன் கையில் தைலப் பாத்திரம் உண்டு என்பதால் ‘தைலநாயகிதான் சரி’ என்று யாராவது திருத்த வருவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள்.

அதே கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பையனுக்கு வைத்தியநாதன் என்று வைக்கிறோம். வைத்தி, வைத்தி என்று கூப்பிடுகிறோம். ‘நீ ஊசி போடுவியா?’ என்று அவனை யாரும் கேட்பதில்லை. பெண்ணின் பெயர் என்றால் மட்டும் தையல் மிஷின் ஞாபகம் வந்துவிடுகிறது!

அர்த்தத்தைவிட எனக்கு இந்தப் பெயரில் பிடித்தது, அதிலேயே ஊர் இருப்பது. நம் டெல்டாவில் அம்மன் பெயர்கள் அப்படித்தான். நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம். அபயாம்பாள் என்றால் மாயவரம். மங்களாம்பிகை கும்பகோணம், கமலாம்பாள் திருவாரூர். வெளியூரில் ஒரு தையல்நாயகியைப் பார்த்தால் ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று பாதி பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம். இவர்களில் திருக்கடையூர் அபிராமி மட்டும் இன்றைக்கும் ஃபேஷனாக இருக்கிறாள். மற்றவர்களெல்லாம் பாட்டிகளோடு நின்றுவிட்டார்கள். இப்போது வைக்கிற பெயர்களில் பாதி எந்த ஊரிலும் ஒட்டாது. காதுக்கு இனிமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இணையத்தில் தேடிப் பிடித்த இரண்டெழுத்துப் பெயரைவிட, வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொண்ட வைத்தீஸ்வரன்கோயில் குளக்கரையிலிருந்து வருகிற பெயர் எனக்கு ஒருபடி மேல்.

ஸ்கூல் கேலியைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். பிள்ளைகள் எந்தப் பெயரிலும் ஏதாவது கண்டுபிடிப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். நிஜமான தொந்தரவு ஆங்கிலத்தில் எழுதும்போதுதான்: 13 எழுத்து. எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி எழுதவேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். வீட்டில் நாயகி என்றே கூப்பிடலாம், அழகாகத்தான் இருக்கும்.

உங்கள் பெண் பெரியவளானதும் ஔவையின் ‘தையல் சொல் கேளேல்’ என்பதையும், பாரதியின் ‘தையலை உயர்வு செய்’ என்பதையும் படிப்பாள். எது தன் பெயருக்குப் பொருத்தம் என்று அவளே முடிவுசெய்துகொள்ளட்டும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. ஆகவே அவசரம் இல்லை. அப்பா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், நண்பர்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். குழந்தையைப் பெற்றவர் என்ன சொல்கிறார்? கடிதத்தில் அதைக் காணோமே. முதலில் அவரைக் கேளுங்கள்.