எல்ம் மரமும் திராட்சைக் கொடியும்

கேள்வி: ‘ஹெர்மாசின் மேய்ப்பன்’ போன்ற ஆதிக் கிறிஸ்தவ நூல்களில் வரும் மரமும் கொடியும் ஆன்மிக உருவகங்கள். அவற்றில் அன்றைய பணக்காரன், ஏழை, கூலி என்று தேடுவது அந்நூல்களைக் கொச்சைப்படுத்துவது ஆகாதா?

பதில்: ஆகாது. பணக்காரனையும் ஏழையையும் அந்த உருவகத்துக்குள் கொண்டுவந்தவர் நூலாசிரியரேதான். 2ஆம் நூற்றாண்டில் ரோமில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அந்நூல், ஆசிரியர் ஹெர்மாஸை வளர்த்தவர் அவரை ரோமில் ரோதே என்னும் பெண்ணுக்கு விற்றுவிட்டார் என்ற செய்தியோடுதான் தொடங்குகிறது. அடிமையாகக் கைமாறியதை முதல் வரியிலேயே சொல்பவர் வானத்தை மட்டும் பார்த்து எழுதினார் என்று எப்படி நம்புவது?

திராட்சையை எல்ம் மரத்தில் ஏற்றி வளர்ப்பது அன்றைய இத்தாலிய உழவர்களின் வழக்கம். வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, அம்மரத்தின் தழை மாட்டுக்கு நல்ல தீவனம் என்பது வரை சொல்லி வைத்திருக்கிறார். காய்க்காத அந்தக் கொழுகொம்பையும் காய்க்கும் கொடியையும் ரோமானியக் கவிஞர்கள் கணவன் மனைவியாகக் கண்டார்கள். ஹெர்மாஸோ செல்வரும் வறியவருமாகக் கண்டார். தரையில் கிடக்கும் கொடியின் பழம் குறைவு, அதுவும் அழுகிப்போகும். மரத்தில் ஏறினால் நிறையக் காய்க்கும், வறட்சியில் மரமே அதற்கு ஈரம் தரும் என்கிறார். ரோமில் வறியவர்கள் விடியற்காலையில் புரவலர் வீட்டு வாசலில் காத்திருந்து வணக்கம் சொல்லிக் கைப்பணம் பெற்றார்கள், அதற்கு ஈடாக அவருக்குப் பின்னால் நடந்து அவருடைய பெருமையைப் பெருக்கினார்கள். இந்த ஏற்பாட்டை வைத்துப் பார்த்தால்தான் ஹெர்மாஸ் செய்த மாற்றம் விளங்கும்: அவருடைய ஏழை திருப்பித் தருவது புகழ்ச்சியை அல்ல, செல்வருக்காகக் கடவுளிடம் செய்யும் மன்றாட்டை, கடவுளுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பவரோ செல்வர்தான். இருந்தாலும் மரம் மரமாகவே, கொடி கொடியாகவே இருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பழம் பறிக்க மரமேறும் ஆளுக்கு மட்டும் இந்த உருவகத்தில் இடமில்லை. இத்தாலியின் காம்பானியா பகுதியில் கொடிகளை ஏற்றியிருந்த பாப்லர் மரங்கள் மிக உயரமானவை என்பதால், கூலிக்கு வரும் ஆள் தன் ஈமச்சடங்குக்கும் கல்லறைக்கும் ஆகும் செலவை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குவார் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். ஒரு காலத்தில் விற்கப்பட்டவரின் கண்ணிலேயே அந்த ஆள் படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.