காபியில் மணமே இல்லை

அன்புள்ள சார்,

அப்பாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் என்று தெரிந்து நான்கு வருடமாகிறது. மாத்திரையில் கை நடுக்கம் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் விடியற்காலையில் கால் விரல்கள் மடங்கி இழுக்கிறது, உள்ளங்கால் எரிகிறது என்று எங்களை எழுப்புகிறார். காபியில் மணமே இல்லை என்று அம்மாவோடு தினமும் சண்டை வேறு. டாக்டர் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார். இதெல்லாம் நோயா, வயதானவரின் முணுமுணுப்பா?

பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

பெரும்பாலும் நோய்தான். டிகாக்‌ஷன் மேல் பழி இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது, புலன்களுக்குப் பழுதில்லை என்றே எழுதினார். அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. தெருவில் நின்று பார்த்தால் நடுக்கமும் கூன் விழுந்த நடையும் தெரியும். எரிச்சல் எப்படித் தெரியும்? உங்கள் டாக்டரும் நடையைத்தான் பார்க்கிறார். மற்றதை நாம்தான் சொல்லவேண்டும்.

என் பெரியப்பா தோள்வலிக்கு ஒரு வருடம் எண்ணெயும் ஒத்தடமுமாகப் போக்கினார். நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசாமல் தொங்குவதை யாரும் கவனிக்கவில்லை. நானுந்தான். அதுவும் இதே நோய்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்பாவின் கால் இழுப்புக்கு வருவோம். இரவு போட்ட மாத்திரையின் வேகம் விடியற்காலையில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் பாதம் முறுக்கிக்கொண்டு வலிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. இந்த நோயில் மூளையில் குறைந்துபோவது டோபமைன் என்ற ரசாயனம்; மாத்திரை ஈடுகட்டுவது அதைத்தான். அது அசைவுக்கு மட்டுமல்ல, வலியை மட்டுப்படுத்தவும் வேண்டியது. அதனால் ஒரு நோட்டில் எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு வலி என்று ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். வேளையையோ அளவையோ அவர் மாற்றினாலே பலருக்குக் குறைகிறது. நீங்களாக மாற்றவேண்டாம். உள்ளங்கால் எரிச்சலுக்குச் சர்க்கரையும் பி12 குறைவும்கூடக் காரணமாகலாம். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

மோப்பம் வேறு கதை. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது குறைகிறது, பலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே. மெல்ல மெல்லப் போவதால் போனதே தெரியாது, பழி சமையல்மேல் விழும். மாத்திரையால் இது திரும்புவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: கேஸ் கசிந்தால் அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போகலாம். அவர் தனியாக அடுப்பு பற்றவைக்க வேண்டாம்.

அப்புறம், இஞ்சி, மிளகின் காரம் நமக்கு எட்டுவது வேறு நரம்பு வழியாக. மணம் போனவர்களுக்கும் அந்தக் காரம் பெரும்பாலும் தெரியும். அம்மாவை ஒருநாள் சுக்குக் காபி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.